மாப்பிள்ளை இல்லாத கார்

புதுக் கார் வாங்கிய முதல் வாரத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன வாடகைங்க?" என்பதுதான்.

திருவாரூரில் கூரையைத் திறந்துவிட்டுக்கொண்டு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தேன். பெட்ரோல் போடுகிறவர் கேட்டார். குளக்கரையில் நிறுத்தினேன். பூக்கடைக்காரர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. "மாலை நம்ம கடையிலயே எடுத்துக்கங்கக்கா, முன்னாடி பானெட்லேர்ந்து பின்னாடி டிக்கி வரைக்கும் சரம் இழுத்துடுறேன்" என்று முழம் போட்டு அளக்கவே ஆரம்பித்துவிட்டார். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கூரையில்லாத கார் என்று ஒன்று வந்தால் அது மாப்பிள்ளைக்குத்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளையை ஏற்றி, முன்னால் நாகஸ்வரம், இரண்டு பக்கமும் விளக்கு, நாலு வீதியும் நடை வேகத்தில் சுற்றி வருகிற வண்டி அது. அதை ஒரு பொம்பளை, அதுவும் ஐம்பத்து நாலு வயதில் நரைத்த தலையோடு, தனியாக, தானே ஓட்டிக்கொண்டு சும்மா போகிறாள் என்றால் ஜனங்களுக்கு மண்டை காய்ந்துவிடுகிறது.

"மாப்பிள்ளை யாருக்கா?"

"மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் வண்டி. நான் ஓட்டுறேன்."

அப்படியும் அந்தப் பூக்கடைக்காரர் காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், மாப்பிள்ளையை எங்காவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று.

அடுத்தது நிறம். உடம்பு சிவப்பு, மேலே மடிகிற துணிக்கூரை கறுப்பு. ஷோரூமில் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்றுதான் எடுத்தேன், சத்தியமாக வேறு எண்ணமே கிடையாது. சென்னையில் அது வெறும் நிறம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் அது கொடியாகிவிட்டது. கறுப்பு சிவப்பு என்றால் இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். மூன்றாம் நாளே கட்சியின் கிளைச் செயலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீங்க நம்ம ஆளுன்னு இத்தன நாளு தெரியாமப் போச்சேக்கா! அடுத்த மாசம் அமைச்சர் வர்றாங்க. நின்னுக்கிட்டே கும்பிட்டுக்கிட்டு வர்றதுக்கு இதவிடத் தோதான வண்டி ஏது?"

"அண்ணே, இது நிக்கிற வண்டி இல்ல, உக்கார்ற வண்டி. நின்னா சீட்டு போயிடும்."

"செருப்பக் கழட்டிட்டு நிப்பாங்கக்கா."

காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வண்டி ஜோரா இருக்கு. கலர்தான் ஒத்துக்கல" என்றார். ஏதோ நான் அவருக்காக வாங்கி வந்த மாதிரி.

நான் எப்படி இந்தக் காருக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறவள். ஈர வயலிலும் புதையாமல் போகிற பெல்ட் மிஷின். முதலில் ஒன்று, இப்போது ஏழு. நன்னிலத்தில் ஆரம்பித்துக் கடைமடை வரைக்கும் தை மாதத்தில் என் மிஷின்கள் இரவு பகல் பார்க்காமல் ஓடும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கான வயதில் நான் சேற்றில் மாட்டிக்கொண்ட மிஷினை இழுத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் டீசல் நாற்றத்தோடு வாழ்ந்தவள் ஒரு நாள் ஷோரூம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "அந்தச் சிவப்ப எடுங்க" என்றேன். விற்பனைப் பையன் என் முழங்கைத் தழும்பையும் ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டு, "சார் பின்னாடி வர்றாங்களா மேடம்?" என்றான். "எந்தச் சாரும் வரலப்பா, சாவியக் குடு" என்றேன்.

எதுக்கு உனக்கு இப்படி ஒரு கார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்கிறேன். என் அம்மா நடவு நட்டும் அறுப்பறுத்தும் முதுகு வளைந்து போனவள். கடைசிப் பத்து வருஷம் அவளால் நிமிர்ந்து வானத்தைப் பார்க்க முடியவில்லை. மழை வருகிறதா என்று பார்க்கக் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு போக ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டேன், வாங்கினேன். இதற்கு யாரிடமும் நான் அனுமதி கேட்கப் போவதில்லை, மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

அது போகிற விதத்தைச் சொல்ல வேண்டாமா! பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நீளமான நேர்ச்சாலை உண்டு. விடிந்தும் விடியாமலும் ஒரு நாள் அங்கே கொண்டுபோய்க் காலை அழுத்தினேன். அம்மாடி! என் பெல்ட் மிஷின் மூன்றைச் சேர்த்தாலும் இதன் இழுப்புக்குக் கிட்ட வராது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. பயந்து காலை எடுத்தேன். எடுத்துவிட்டுச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மறுபடி அழுத்தினேன். திரும்பி வரும்போது எங்கள் ஊர் வேகத்தடை ஒன்று அதன் வயிற்றைச் சுரண்டிவிட்டது. அந்தச் சத்தத்தில் என் பல் கூசியது. இந்த நாட்டு வேகத்தடைகளைப் போட்டவர்கள் எல்லாரும் மாட்டு வண்டியை மட்டும் மனதில் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவேயில்லை. யாரையும் அதில் உட்கார விடவுமில்லை. என் மிஷின் டிரைவர்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "அக்கா, ஒரு ரவுண்டு" என்று கெஞ்சினார்கள். பின்னால் பேருக்கு இருக்கிற குட்டி சீட்டில் ஒவ்வொருவராக ஏற்றிச் சுற்றினேன். முன் சீட்டில் முதலில் உட்கார வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவர் உட்காருவார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

என் அப்பா. எண்பது தாண்டியவர். வாழ்நாள் முழுக்கச் செங்கொடிச் சங்கம். பதினெட்டு வயதில் அவர் பெரிய தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு காஸ் லைட் தூக்கினார். எங்கள் தெரு ஜனம் கூலி வேலை செய்த நிலமெல்லாம் அந்தத் தெருவின் பெரிய வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டு மூத்த பிள்ளைக்குக் கல்யாணம். திறந்த காரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் எரிகிற விளக்கோடு அப்பா பக்கத்திலேயே நடந்தார். எண்ணெய் வழிந்து காதோரம் சுட்டது. விளக்கை இறக்கக் கூடாது என்றார்கள். நாலு வீதி. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த அறுப்புக்கு அரை மரக்கால் கூலி கூடக் கேட்டு நின்றவர்களில் அப்பா முதல் ஆள். அப்புறம் நிலத்தில் டிராக்டர் இறக்கினார்கள். ஆள் வேலை போகிறதென்று அப்பாவும் இன்னும் பத்துப் பேரும் அதன் முன்னால் சேற்றில் படுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், கேஸ் வாங்கினார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகளாகப் பிறந்து நான் அறுப்பு மிஷின் வாங்கினேன். என் முதல் மிஷின் எங்கள் ஊர் வயலில் இறங்கியபோது அதன் முன்னாலும் வந்து படுத்தார். நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் அவரும் எழுந்திருக்கவில்லை, நானும் இறங்கவில்லை. அம்மா வந்து ரெண்டு பேரையும் திட்டிச் சோறு போட்டாள். அன்றிலிருந்து என் வண்டி எதிலும் அவர் ஏறியதில்லை. மிஷின் லாரியிலும் இல்லை, ஜீப்பிலும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட இல்லை. டவுன் பஸ்தான்.

ஆகவே இந்தக் காரில் அவரை ஏற்றிவிட வேண்டும் என்பது எனக்கு வீம்பாகவே ஆகிவிட்டது. வீம்பு என்று மட்டும் சொன்னால் பொய். அவர் ஏறாவிட்டால் இந்த முப்பது வருஷமும் தப்பு என்று அவர் தீர்ப்பு எழுதியபடியே போய்ச் சேருவார் என்று பயந்தேன்.

ஆனி மாதம், குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. கார் கூரையைத் திறந்துவிட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"என்னா இது?"

"கார்ப்பா."

"அது தெரியிது. எத்தன பேரு போலாம்?"

"ரெண்டு பேரு. பின்னாடி சும்மா பேருக்கு ஒரு சீட்டு."

"ரெண்டு பேரு போறதுக்கு இத்தாம் பெரிய வண்டியா?" ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. "ஆயிரம் அருவாள வித்து வாங்குன வண்டி இது. நான் ஏற மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா கையிலயும் ஒரு அருவா இருந்திச்சுல்ல? அது அம்மாவுக்கு என்னா குடுத்திச்சு? கூனத்தான் குடுத்திச்சு."

அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

அன்று சாயங்காலம் பெரிய வீட்டுப் பேரன் போன் செய்தான். வெளிநாட்டில் வேலை, ரொம்ப மரியாதையான பையன். "அக்கா, அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம். உங்க கார் அழைப்புக்குக் கிடைச்சா எங்க தாத்தா ரொம்பச் சந்தோஷப்படுவாரு. அவரு கல்யாணத்துக்கும் இந்த மாதிரிதானாம்."

"தெரியும் தம்பி. எங்கப்பா கூடவே நடந்தாரு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, பாவம். "என் வண்டியில முதல்ல ஏற வேண்டியவரு இன்னும் ஏறல. அதுக்கு முந்தி மகாராஜாவே கேட்டாலும் கிடையாது."

மறுநாள் காலையில் அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. எங்கள் தெரு மனைகளுக்குப் பட்டா கேட்டு அவர் எழுதிய மனுக்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் பெரிய தெரு, பெரிய தெருவைத் தாண்டினால் மெயின் ரோடு. நான் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வெயில் அவருக்கு ஆகாதே என்று கூரையை மூடி, ஏசியையும் போட்டு வைத்திருந்தேன்.

"ஏறுங்கப்பா."

"நடந்தே போறேன்."

"வெயிலுப்பா."

"நான் பாக்காத வெயிலா?"

அவர் நடக்க, நான் பக்கத்திலேயே ஊர்ந்தேன். அந்தக் கார் அவ்வளவு மெதுவாகப் போகப் பிடிக்காமல் உறுமிக்கொண்டே வந்தது. பெரிய தெருவுக்குள் நுழைந்து பாதி தூரம் போன பிறகுதான் நான் கவனித்தேன். நான் காரில். அப்பா பக்கத்தில் நடக்கிறார். நடை வேகம். அதே தெரு. தலையில் விளக்கு ஒன்றுதான் இல்லை. எதிரே பெரிய வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் யார்? அன்றைய மாப்பிள்ளை. தொண்ணூறை நெருங்கிய கிழவர், கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அப்படியே நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"அப்பா, நீங்க ஏறாம இந்த வண்டி நகராது."

அப்பா திரும்பிப் பார்த்தார். அதே சமயம் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து டவுன் பஸ் உள்ளே திரும்பியது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், நிறைய நடவுக்குப் போகிற பொம்பளைகள். தெருவோ ஒரு பஸ்ஸுக்கே மூச்சு முட்டுகிற அகலம். என் கார் மூக்குக்கு முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் அசையவில்லை. மறுபடி அடித்தது. கண்டக்டர் குதித்து இறங்கினார்.

"அக்கா, வண்டிய எடுங்கக்கா! டயமாவுது!"

"எங்கப்பா ஏறட்டும், எடுக்கிறேன்."

"பெரியவரே, ஏறித் தொலைங்களேன்!"

"பஸ்ஸுக்கு வழிய விடு புள்ள" என்றார் அப்பா.

"நீங்க டிராக்டர மறிச்சப்ப விட்டீங்களா? என் மிஷின மறிச்சப்ப விட்டீங்களா? இன்னைக்கு என் முறை."

பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். நடவுப் பொம்பளைகளில் ஒருத்தி, அப்பாவின் சங்கத்திலேயே இருப்பவள், கழுத்தை நீட்டிக் கத்தினாள்: "பெரியப்பா, நாத்து பறிச்சுக் கிடக்குது! அப்பனும் மவளும் சண்டைய அப்பறம் வச்சுக்கங்க! எங்க கூலிய நிலத்துக்காரரு புடிச்சுக்கிட்டா நீங்க தருவீங்களா?"

அது ஒன்றுதான் அப்பாவை அசைத்தது. நானல்ல, வெயிலல்ல, ஏசியல்ல. வேலைக்குப் போகிற ஜனத்தை அவரால் நடுத்தெருவில் நிறுத்தி வைக்க முடியாது. காரை ஒரு தரம் பார்த்தார், பஸ்ஸை ஒரு தரம் பார்த்தார்.

"அந்தக் கறுப்ப மடி" என்றார்.

"என்னாப்பா?"

"மேல இருக்குற கறுப்பு. அத மடிச்சிடு. கறுப்பு சிவப்புல நான் ஏற மாட்டேன். வெறும் செவப்புன்னா ஏறுறேன்."

பொத்தானை அழுத்தினேன். கூரை எழும்பி, மடிந்து, பின்னால் போய் அடங்கியது. பஸ்ஸில் விசில் பறந்தது. அப்பா கதவைத் திறக்கத் தெரியாமல் தடவினார். நான் உள்ளேயிருந்து எட்டித் திறந்துவிட்டேன். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

ஆனால் பஸ் போக இன்னும் வழியில்லை. ஒதுங்க அந்தத் தெருவில் ஒரே இடம்தான் இருந்தது, பெரிய வீட்டு வாசல். வேறு வழியில்லாமல் அதற்குள்ளேயே காரை ஏற்றினேன். கோலம் அழிந்தது. கிழவரின் நாற்காலிக்கு இரண்டு முழம் முன்னால் போய் நின்றோம். பஸ் உரசாமல் கடந்து போனது. நடவுப் பொம்பளைகள் குலவையே போட்டுவிட்டார்கள்.

கிழவர் குனிந்து பார்த்தார். பார்வை மங்கல். திறந்த கார் தெரிந்தது, முன் சீட்டில் நிமிர்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முகம் தெரிந்திருக்காது. பேரன் கல்யாண நினைப்பாகவும் இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை யாருப்பா?" என்றார்.

அந்த வீட்டு வாசலில் அப்பா எப்போதும் 'ங்க' போட்டே பேசியவர். சங்கத்துக்காரர் ஆன பிறகும், கோபத்தில் கத்தும்போதும் போட்டவர். இப்போது தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். காதோரத் தழும்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

"நாந்தான்" என்றார்.

அவ்வளவுதான். ங்க இல்லை. கிழவர் சரி என்று தலையாட்டினார். நான் வண்டியைப் பின்னால் எடுத்து, தெருவில் திருப்பி, மெயின் ரோட்டில் ஏற்றி, காலை அழுத்தினேன். அப்பா சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் போ என்று சொல்லவில்லை. நாலு மைல் போன பிறகு வாயைத் திறந்தார்.

"ஆனா மிஷினு தப்புதான்."

"தப்பில்லப்பா."

"தப்பு."

"தப்பே இல்ல!"

கூரை இல்லாத காற்றில் கத்தினால்தான் கேட்டது. தாலுகா ஆபீஸ் வரைக்கும் இரண்டு பேரும் கத்திக்கொண்டே போனோம்.